பாலாற்று வழக்கும் கரும்பு ஆலைச் சீட்டும்

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் ஒரு வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், 1996. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையையும், கெடுதல் நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று உச்ச நீதிமன்றம் அறிவித்த வழக்கு அது. அந்த வழக்கில் டெல்லியில் நின்று வாதாடியவன் அல்லன் நான். தீர்ப்பு வந்த காலத்தில் வேலூரில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தேன். அந்தத் தீர்ப்பின் பலனைப் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் மக்களுக்கு வாங்கித் தரும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒரு நல்ல தீர்ப்பு ஒரு கிணற்றடி வரை வந்து சேர என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதை அந்த வேலையில்தான் கற்றேன்.

ஆறும் தோல் ஷாப்பும்

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மேலே வறண்டுதான் கிடக்கும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வாய்க்காலுக்குத் திருப்பியும், கரையோரக் கிணறுகளிலிருந்து இறைத்தும் நெல், கரும்பு, வாழை, தென்னை என்று விளைவித்த ஊர்கள் வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு தாண்டியும் வரிசையாக இருந்தன. குடிநீரும் அதே மணலிலிருந்துதான். எப்போதும் நீர் ஓடும் ஆற்றில் கொட்டிய கழிவு கொஞ்சமாவது கடலுக்குப் போகும். பாலாற்றில் கொட்டியது மணலில் இறங்கி, அடுத்த ஊர்க் கிணற்றில் வந்து நிற்கும். வழக்கின் அடிப்படையே இதுதான்.

தோல் பதனிடுவது அந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக நடந்துவரும் தொழில். ஊர்க்காரர்கள் 'தோல் ஷாப்பு' என்பார்கள். ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. ஆனால் 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருட்களையும் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தபின் குரோம் உப்பு கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. பல வாரங்கள் பிடித்த வேலை சில நாட்களில் முடிந்தது. உற்பத்தி பெருகியது, கழிவும் பெருகியது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறிவிடும். பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், அதன்பின் அமிலம், அடுத்துக் குரோமியம் சல்பேட், கடைசியில் சாயமும் எண்ணெயும். ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கிட்டபடி, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் என்பதும் அதே தீர்ப்பில் உள்ள கணக்குதான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் புதிய தொழில்கள் கூடாது என்று தமிழக அரசு 1989 மார்ச்சில் அரசாணையே போட்டது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று தொழிற்சாலைகளுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது, மானியமும் தருவதாகச் சொல்லப்பட்டது. பலர் கட்டவில்லை.

அந்த நிலையில்தான் 1991இல், அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின் கீழ், வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. மனுதாரர் தரப்பில் வாதாடியவர் எம்.சி. மேத்தா. மாசற்ற நீரும் காற்றும் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 1991இல்தான். காலம் கனிந்திருந்தது.

தீர்ப்பு எதை மாற்றியது

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோரின் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் அது உரிமை ஆகாது என்றது. வளர்ச்சியா சூழலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பழைய பேச்சை ஒதுக்கி, வருங்காலத் தலைமுறைக்கும் மிச்சம் வைக்கும் வளர்ச்சியே வளர்ச்சி என்றது.

எங்களைப் போன்ற மாவட்ட வழக்கறிஞர்களுக்கு அதில் மிகப் பெரிய விஷயம் மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பற்றியது. வழக்கமாக ஒரு சிவில் வழக்கில், கெடுதல் நடந்தது, எதிராளியால்தான் நடந்தது என்று புகார் சொல்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். அறிவியல் படிக்காத ஒரு விவசாயி, தன் கிணற்று உப்பு எந்தத் தொழிற்சாலை உப்பு என்று எப்படிக் காட்டுவார்? உச்ச நீதிமன்றம் அந்தச் சுமையைத் திருப்பி வைத்தது. தன் செயல் சூழலுக்குக் கேடில்லை என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துபவரே என்றது. அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னது.

உத்தரவுகளும் பொதுப்படையாக இல்லை. குறிப்பிட்ட மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். 1996 நவம்பர் 30க்குள் தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு அமைப்பை நிறுவ வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களையும் சூழலையும் கணக்கெடுத்து, இழப்பீட்டை மதிப்பிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வழி சொல்ல வேண்டியது அந்த ஆணையம். இந்த வழக்கையும் இனி வரும் சுற்றுச்சூழல் வழக்குகளையும் கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பசுமை அமர்வு அமைக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. செப்டம்பர் 30 அன்றே நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது.

கிராமங்களில் அன்று இருந்த மகிழ்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. வழக்கு ஜெயித்துவிட்டது என்றே எல்லாரும் பேசினார்கள். என் சீனியர் மட்டும், "இனிமேல்தான்யா நமக்கு வேலை" என்றார்.

காகிதத்தில் இல்லாத இழப்பு

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்திலிருந்து விவசாயிகள் சிலர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆணையத்தின் முன் வைக்க மனு தயாரிக்க வேண்டும் என்றார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கெணறு கீது சார், தண்ணியும் கீது. மாடுகூட வாய் வைக்காது. இத்தை எந்தக் காயிதத்துல எழுதிக் குடுப்பாங்க?"

சரியான கேள்வி அது. இழப்பு நடந்தது என்பதை ஆணையம் ஏற்கத் தயாராக இருந்தது. யாருக்கு, எந்த நிலத்தில், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று மனுதாரர் சொல்ல வேண்டும். சீனியர் எனக்கு இட்ட கட்டளை எளியது: "நடந்தது நமக்குத் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல்கூட மறுக்க முடியாத காகிதம் எது இருக்கிறது, அதைத் தேடு."

தேடினேன். பட்டா, சிட்டா எடுத்தோம். அவை நிலம் யாருடையது என்று சொல்லும்; என்ன விளைந்தது என்று சொல்லாது. விளைச்சலைச் சொல்ல வேண்டியது அடங்கல். அந்த ஊர் அடங்கல் நகல்களைப் பார்த்தபோது திகைத்துப்போனேன். ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்த புலங்களுக்கு நேராகவும் முந்தைய ஆண்டுப் பயிரே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. நிலத்தில் வேலிக்காத்தான் முளைத்திருக்க, கணக்கில் நெல் விளைந்துகொண்டிருந்தது. பம்பு செட்டு ஓடியதா நின்றதா என்று மின் கட்டணத்தை வைத்துக் காட்டலாமென்றால், விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ரசீது இல்லை. வங்கிக் கடன் கணக்கில் பாக்கி தெரியும். பாக்கிக்குக் காரணம் தெரியாது.

கடைசியில் வழி காட்டியது அந்தப் பெரியவரின் வீட்டு விட்டத்தில் தொங்கிய கம்பி. சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பி அது. அதில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தந்த சீட்டுகள் அடியிலிருந்து நுனிவரை இருந்தன. எந்தப் புல எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை டன் கரும்பு வந்தது என்று ஆலையின் எடைமேடை எழுதிய சீட்டு. அதே ஏக்கரில் பருவத்துக்குப் பருவம் டன் குறைந்துகொண்டே வந்தது. பிறகு மறுதாம்பு விடாமல் நின்றது. அதற்குப் பின் சீட்டே இல்லை. கரும்பை எடைபோட்ட ஆலைக்கு இந்த வழக்கில் எந்தப் பக்கச் சார்பும் கிடையாது. பணம் கொடுப்பதற்காக எழுதிய கணக்கு அது, வழக்குக்காக எழுதியதல்ல. அதனால்தான் அதற்கு மதிப்பு.

பக்கத்து வீடுகளிலும் கேட்டோம். சிலர் வைத்திருந்தார்கள், பலர் பணம் வாங்கியதும் எறிந்துவிட்டிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் பதிவேடு, தேங்காய் வியாபாரியின் கணக்குப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். சீட்டு வைத்திருந்தவரின் மனு வலுவாக இருந்தது. அதே வாய்க்காலில் அதே நீரைப் பாய்ச்சி, அதே நட்டத்தை அடைந்து, சீட்டு வைத்திராதவரின் மனு மெலிந்து நின்றது. மெய்ப்பிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் தொழிற்சாலையின் தோளில் வைத்தது உண்மை. ஆனால் தனக்கு இவ்வளவு நட்டம் என்று சொல்லும் வேலை பாதிக்கப்பட்டவரிடமேதான் இருக்கிறது.

தண்ணீர் மாதிரியிலும் இதே கதைதான். ஊர் இளைஞர்கள் கழிவு வாய்க்காலிலிருந்து பாட்டிலில் நீர் பிடித்து வந்து என் மேசையில் வைத்தார்கள். அதன் நிறமே சாட்சி சொல்லும் என்று நம்பினார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அப்படி நம்பவில்லை. தொழிற்சாலை விடும் கழிவுநீரின் மாதிரியை மாசு கட்டுப்பாடு வாரியத்தின் அதிகாரம் பெற்றவர் எடுக்க வேண்டும். நடத்துபவருக்கு அங்கேயே நோட்டீஸ் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையில் பிழை இருந்தால் ஆய்வறிக்கை சாட்சியமாகாது. அப்பாவிகள் மீது பொய் மாதிரி சுமத்தப்படாமல் காக்கும் விதி இது, நல்ல விதிதான். ஆனால் அதிகாரி வரும் நாளில் வாய்க்காலில் என்ன ஓடும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே நாங்கள் கழிவைத் துரத்துவதை விட்டுக் கிணறுகளைப் பிடித்தோம். கிணறு ஒரே நாளில் மாறாது. குறிப்பிட்ட புல எண்ணில் உள்ள கிணற்று நீரைத் தேதி குறித்து, அரசு ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கை வாங்கிச் சேர்த்தோம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைக் கோடாக வைத்து, ஒவ்வொரு கிணறும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே என்று அட்டவணை போட்டோம். பக்கம் பக்கமான வாதத்தைவிட அந்த அட்டவணை பேசியது.

நிலமில்லாதவர் கேட்டது

மனுக்கள் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நாள், நடவு வேலை செய்யும் பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "நெலம் எங்களுது இல்ல சார். ஆனா நடவு போச்சி, களை போச்சி, அறுப்பும் போச்சி. தண்ணிக்கு ரெண்டு ஊரு தாண்டிப் போறோம். எங்களுக்கு எதனா உண்டா?"

சீனியர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். கூலி இழப்பு என்று தனிப் பத்தி எழுதி மனுவில் சேர்த்தோம். ஆனால் கூலிக்கு அத்தாட்சி ஏது? யாரும் ரசீது போட்டு நடவு நடுவதில்லை. நிலம் வைத்திருப்பவரின் இழப்பைச் சென்ட் கணக்கில் அளக்க முடிந்தது. அதே நிலத்தில் குனிந்து நட்டவரின் இழப்பை அளக்கக் கருவி இல்லை.

உடல்நலம் அதைவிடக் கடினமாக இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் டிரம்மிலும் வேலை செய்தவர்களின் கை கால்களில் ஆறாத புண் இருந்தது. குரோமியம் தோலில் ஒவ்வாமையையும் புண்ணையும் உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த மருத்துவமனைச் சீட்டுகளில் 'அரிப்பு' என்றும், அதற்கான களிம்பின் பெயரும்தான் இருந்தன. என்ன வேலை, எத்தனை ஆண்டாக, எந்தக் கிணற்று நீர் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. நோய்க்கும் நீருக்கும் இடையே உள்ள தொடர்பைச் சட்டம் கேட்கும்போது, அந்த ஒரு வரி இல்லாததால் பாதை அடைபட்டது. நிலத்துக்கு நேர்ந்த கெடுதலைப் பற்றிக் கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்க்க முடிந்த எங்களால், உடம்புக்கு நேர்ந்ததைப் பற்றிச் சில சீட்டுகளுக்கு மேல் சேர்க்க முடியவில்லை. பொதுச் சுகாதாரத்தைக் காக்கச் சட்டத்தை நாடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

தொழிலின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் மனு எழுதிய வீடுகளிலேயே ஒரு மகன் தோல் ஷாப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நிலம் செத்தபின் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பெரிய ஏற்றுமதியாளருக்குச் சுத்திகரிப்பு நிலையம் ஒரு செலவு; சிறிய ஷாப்புக்காரருக்கு அது முதலையே தின்னும் செலவு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின்னும் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாகவே இருந்தது. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது, அதற்குச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். எஞ்சிய கசடை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். மாசு முதலில் கொல்வது அந்தத் தொழிலில் வேலை செய்கிறவரைத்தான். சுற்றுச்சூழல் வழக்கைத் தொழிலாளிக்கு எதிரான வழக்கு என்று சொல்பவர்களுக்கு நான் தரும் பதில் அந்தப் பத்து உயிர்கள்.

ஒன்பதாயிரம் ரூபாய்

2001 மார்ச் 7 அன்று ஆணையம் தன் முடிவை அறிவித்தது. 547 தோல் தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். செய்தித்தாளில் கோடி என்ற சொல் பெரிதாகத் தெரிந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்தின் ஆண்டுக்கணக்கான இழப்புக்கு அதுதான் விலை. அதுவும் எல்லாருக்கும் உடனே கைக்கு வந்துவிடவில்லை. தொகையை எதிர்த்து ஒரு பக்கம், போதாது என்று மறுபக்கம், விடுபட்டோம் என்று இன்னொரு பக்கம், உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் ஏறின. விடுபட்டவர்களுக்காக 2009 ஆகஸ்டில் ஆணையம் இன்னோர் உத்தரவும் போட்டது. எங்கள் கட்சிக்காரர்களில் சிலர் பணத்தை வாங்கினார்கள்; சிலர் வாங்காமலே இறந்தார்கள். கம்பியில் சீட்டு வைத்திருந்த பெரியவரின் இழப்பீடு அவருடைய மகன் கையில்தான் கிடைத்தது.

வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த மேல்முறையீட்டில் 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. 2001, 2009 உத்தரவுகளின்படி பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அனைத்துக்கும், இன்னும் தராதிருந்தால், மாநில அரசே ஆறு வாரங்களுக்குள் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியின் சூழலைத் தணிக்கை செய்யச் சொன்னது. வழக்கை முடித்துக் கட்டிவிடாமல், உத்தரவு நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து கேட்கும் தொடர் ஆணை முறையைக் கைக்கொண்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த 28 ஆண்டுகளைக் காட்டி, "வழக்குப் போட்டு என்ன கண்டீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கண்டது உண்டு. அந்த வழக்கு இல்லையென்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த வேகத்தில் வந்திருக்காது. நீர்நிலையை ஒட்டிப் புதுத் தொழிற்சாலை தொடங்க முடியாத நிலை வந்திருக்காது. திருப்பூர் சாயக்கழிவால் நொய்யல் கெட்டபோது அதன் ஆயக்கட்டுக்காரர்கள் கையில் எடுத்துப் போன ஆயுதம் வேலூர்த் தீர்ப்புதான். 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபோது, மாசு செய்தவரே விலை கொடுத்தல், முன்னெச்சரிக்கை, வருங்காலத்துக்கும் மிச்சம் வைக்கும் வளர்ச்சி என்ற வேலூர்த் தீர்ப்பின் மூன்று கொள்கைகளும் அதன் 20ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டன. வேலூரின் உவர்க் கிணறுகள் நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தன. ஆனால் அந்தக் கிணறுகளுக்குச் சொந்தக்காரர்கள் காத்திருந்து காத்திருந்து கிழவர்களானார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இன்று கெடுதலைச் சந்திக்கும் ஊர்களுக்கு

சாயப்பட்டறையோ, தோல் ஷாப்போ, குப்பைக் கிடங்கோ, ரசாயன ஆலையோ, உங்கள் ஊர் நீரையும் காற்றையும் கெடுக்கிறதென்றால், தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. இந்த வழக்கு எனக்குக் கற்றுத் தந்தவை இவை.

விளைச்சலுக்கான சீட்டு, பால் சங்க அட்டை, கடன் கணக்கு எதையும் எறியாதீர்கள். அடங்கலில் உங்கள் நிலத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று ஆண்டுதோறும் பாருங்கள். தவறென்றால் திருத்த எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊர்க் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் அரசு ஆய்வகத்தில் சோதித்து அறிக்கைகளைப் பஞ்சாயத்தில் சேர்த்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள், எந்த நீர் குடிக்கிறீர்கள் என்பதைச் சொல்லிச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். மாசு கட்டுப்பாடு வாரியம் அந்த ஆலைக்குத் தந்த இசைவாணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள நிபந்தனைகளே உங்கள் வழக்கின் முதல் பக்கம்.

காலக்கெடுவை மறவாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆலைக்கு எதிராக உத்தரவு கேட்க, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் இரண்டிலும் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை நிலத்துக்கு மட்டும் இழப்பீடு சொல்லவில்லை. நோய், மருத்துவச் செலவு, கூலி இழப்பு, கால்நடை இழப்பு எல்லாம் அதில் உண்டு. அன்று அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு இன்று சட்டத்தில் விடை இருக்கிறது. ஆகவே மனுவில் கையெழுத்திடும்போது நிலமுள்ளவர்கள் மட்டும் போகாதீர்கள். நடவுக்குப் போனவர்களையும், ஆலைக்குள் வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அவர்களுடைய இழப்பையும் இன்றே எழுதி வையுங்கள். வழக்கு எத்தனை ஆண்டு நடந்தாலும், நாளை நீதிபதியின் முன் உங்களுக்காகப் பேசப்போவது அந்த எழுத்துதான்.